அப்புறம் அக்காவின் பெப்பர்மிண்ட் பரீட்சை

நாட்டை ஆண்டவர்களுக்கு வரலாறு இருக்கிறது. நாட்டைப் பிடிக்கப் போய் அடிபட்டுத் திரும்பியவர்களுக்குக்கூட இருக்கிறது. ஆனால் கணினி ஒன்று மனிதனைப் பார்த்து "முடியாது" என்று சொல்கிறதே, அந்த "முடியாது"வை யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சொறிந்து, அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார். அவருக்கு இதுவரை ஒரு பத்திகூட யாரும் ஒதுக்கவில்லை. அந்த அநியாயத்தைத் துடைக்கவே இது எழுதப்படுகிறது.

அவரை ஆபீசில் எல்லோரும் அப்புறம் அக்கா என்பார்கள். வயது நாற்பத்தைந்துக்கு மேல். எவ்வளவு மேல் என்று ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், டீபக்கர் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. தண்ணீர் கேனுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. தண்ணீர் பிடிக்க வருகிற யாரும் அவரிடம் மாட்டாமல் திரும்ப முடியாது என்பதால் அவரே கேட்டு வாங்கிய இடம் அது.

டீபக்கர் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். அக்காவின் மாமியாருக்கும் தெரியாது, நன்றாகத்தான் இருக்கிறார். நிரல் எழுதுகிறவர் ஒன்று நினைப்பார், நிரல் வேறொன்று செய்யும். அப்போது ஓடுகிற நிரலை நடுவழியில் பிடித்து நிறுத்தி, "நில், கையில் என்ன வைத்திருக்கிறாய், காட்டு" என்று சோதனை போடுகிற கருவிதான் டீபக்கர். அதிலும் இந்தக் கம்பெனியின் டீபக்கர் உயர்ந்த ரகம். நினைவகத்தில் எத்தனையாவது பெட்டி என்று எண் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. எழுதியவர் ஆசையாக வைத்த பெயரைச் சொல்லியே கேட்கலாம். "வெப்பவரம்பு எவ்வளவு?" என்றால் "முப்பத்தாறு" என்று மரியாதையாகப் பதில் வரும்.

பதில் வராவிட்டால் என்ன வரும்? அங்கேதான் அக்கா வருகிறார்.

பதிலுக்குப் பதிலாகத் திரையில் வரும் பிழைச் செய்திகளை எல்லாம், அக்கா சேர்வதற்கு முன் தாடி எழுதிவந்தார். தாடிதான் தலைமை நிரலாளர். தாடியை மழித்து வருடங்கள் ஆகின்றன, பெயர் மட்டும் முகத்திலேயே தங்கிவிட்டது. மூளைக்காரர். ஆனால் அவர் எழுதிய செய்திகளைப் படித்தால், வீட்டு வாசலில் நிற்பவரிடம் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே "ம்" என்று சொன்ன மாதிரி இருக்கும். "செல்லாது." "தவறான நிலை." எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒன்று இருந்தது: "பிழை: செயல் வெற்றிகரமாக முடிந்தது."

"இதுக்கு என்ன அர்த்தம் தாடி?" என்று சேர்ந்த புதிதில் அக்கா கேட்டார்.

"பிழைன்னு சொல்லுது. வெற்றின்னும் சொல்லுது. ரெண்டுல ஒண்ணாவது உண்மையா இருக்கும்க்கா."

"சரி. படிக்கறவன் படிச்சிட்டான். அப்புறம்?"

"அப்புறம்னா?"

"அப்புறம் அவன் என்ன பண்ணணும்? அழணுமா, வீட்டுக்குப் போகணுமா?"

தாடி இல்லாத தாடியைத் தடவினார். அன்று முதல் எந்தச் செய்தியைக் காட்டினாலும் அக்கா உரக்கப் படித்து, நிறுத்தி, "அப்புறம்?" என்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்ற மூன்றையும் சொல்லாத செய்தி, செய்தியே அல்ல, வெறும் முனகல் என்பது அவர் கட்சி. வீட்டிலும் இந்தக் கட்சிதான் ஆட்சி செய்தது. ஒருநாள் அடுப்பின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது: "பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்கும் துணி ஜன்னல் ஓரம் இருக்கிறது." படித்த கணவர் டிவியை அணைத்துவிட்டுத் துணியை எடுத்தார். இதைவிட ஒரு செய்திக்கு என்ன வெற்றி வேண்டும்?

செய்திகளைச் சோதிக்க அக்கா ஒரு முறை வைத்திருந்தார். உலகத்தில் வேறெங்கும் இல்லாத முறை. விஷயம் தெரியாத ஒருவரைக் கணினி முன் உட்காரவைத்து, வேண்டுமென்றே சிக்கலில் மாட்டிவிடுவார். தாம் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, வாயில் ஒரு பெப்பர்மிண்டைப் போட்டுக்கொள்வார். கடிக்கக் கூடாது. அது கரைகிற வரை பேசவும் கூடாது. அதற்குள் அந்த ஆள் செய்தியைப் படித்தே வெளியே வந்துவிட்டால் செய்தி பாஸ். கரைந்த பிறகும் விழித்துக்கொண்டிருந்தால் ஃபெயில். ஃபெயிலானது செய்திதான், ஆள் அல்ல என்பதில் அக்கா கறாராக இருந்தார். பெப்பர்மிண்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்தால் ஆகாதா என்று ஒருமுறை முயன்றார்கள். ஆள் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அக்கா "இடது பக்கம், இடது பக்கம்" என்றுவிட்டார். அதோடு பெப்பர்மிண்ட் ஆபீஸ் செலவில் வாங்கப்பட்டது.

இப்படிச் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெட்டிக்காரரின் கடிதம் வந்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி ஒன்று, அக்காவின் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கை. அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதுகிறவர்தான் பெட்டிக்காரர். அவர் எழுதியிருந்தார்: "வெப்பவரம்பு என்ற பெயர் என் கோப்பில் 214ஆம் வரியில் குத்துக்கல் மாதிரி நிற்கிறது. உங்கள் டீபக்கரைக் கேட்டால், 'அப்படி ஒரு பெயர் இந்த இடத்தில் தெரியவில்லை, எழுத்துகளைச் சரிபார்க்கவும்' என்கிறது. சரிபார்த்தேன். மறுபடி சரிபார்த்தேன். என் மனைவியையும் சரிபார்க்கச் சொன்னேன். கண் தெரியாதது எனக்கா, உங்கள் டீபக்கருக்கா? வியாழக்கிழமை நேரில் வருகிறேன். தீரவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்."

அது அக்கா எழுதிய செய்தி. அடுத்து என்ன செய்யலாம் என்பதுவரை சொல்லும் செய்தி. பெப்பர்மிண்டில் பாஸான செய்தி.

கம்பெனித் தலைவர் கூட்டம் போட்டார். தலைவர் அக்காவைவிட இளையவர். வேலை ஆக வேண்டும் என்றால் "அக்கா" என்பார், கோபம் வந்தால் "மேடம்" என்பார்.

"மேடம்," என்று ஆரம்பித்தார். எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். "நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். இந்த மெசேஜ் எல்லாத்தையும் தூக்கிடுவோம். வெறும் நம்பர் போட்டுடலாம். நாலாயிரத்துப் பன்னிரண்டு. அவ்வளவுதான். வேணும்னா அவங்க வெப்சைட்ல தேடிப் படிச்சுக்கட்டும்."

"நம்பரைப் படிச்சிட்டு?"

"அப்புறம்னு மட்டும் கேக்காதீங்க மேடம். நம்பர் பொய் சொல்லாது. நம்பரை யாரும் திட்டி லெட்டர் போட மாட்டாங்க."

"அப்ப நான்?"

"நீங்க வாடிக்கையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதலாம். உங்களுக்குத்தான் எழுத்து நல்லா வருமே."

அக்காவின் முகம் சிவந்தது. வருடக்கணக்காக ஒவ்வொன்றாக இழைத்த செய்திகள் எல்லாம் எண்களாகிவிடும். நன்றிக் கடிதத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எழுத என்ன இருக்கிறது? "வியாழக்கிழமை அவர் வரட்டும்," என்றார். "என் மெசேஜைப் படிச்சு அவர் தானா வெளிய வரலைன்னா, நீங்க நம்பர் போட்டுக்கங்க. முதல் நம்பரை நானே தட்டித் தரேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் மெசேஜையே மாத்திப் பேசினதில்ல. பேச்சை மாத்துவேனா?"

பந்தயம் கட்டியாகிவிட்டது. ஆனால் பெட்டிக்காரரின் சிக்கல் எப்படி வருகிறது என்றே பிடிபடவில்லை. அக்கா சோதனைக்கென்று வைத்திருந்த நிரல் ஒன்றை எடுத்து எப்படியெல்லாமோ ஓட்டிப் பார்த்தார். இருக்கிற பெயரைக் கேட்டால் டீபக்கர் சமர்த்தாகப் பதில் சொன்னது. இல்லாத பெயரைக் கேட்டால் இல்லை என்றது. குற்றம் சொல்ல வழியே இல்லை. வெறுத்துப்போய், எத்தனை தரம் சுற்றுகிறது என்றாவது பார்ப்போம் என்று கோப்பில் 'சுற்று' என்று புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு, டீபக்கரிடம் 'சுற்று' எவ்வளவு என்று கேட்டார்.

"'சுற்று' என்ற பெயர் இந்த இடத்தில் தெரியவில்லை. எழுத்துகளைச் சரிபார்க்கவும்."

அக்கா சரிபார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சரிபார்த்தார். திரையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் சரிபார்க்கச் சொன்னது. அக்கா மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"எந்த மண்டு எழுதினான் இந்த மெசேஜை!"

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தாடி, டம்ளர் நிரம்பி வழிவதையும் பார்க்காமல் நின்றார்.

"அக்கா…" என்றார் மெதுவாக. "அது நீங்கதான்."

கொஞ்ச நேரம் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் அக்காவே சிரித்துவிட்டார், பிறகு எல்லோருக்கும் அனுமதி கிடைத்தது. சிரிப்பு ஓய்வதற்குள் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கோப்பைத் திருத்தினார், ஆனால் பில்டு பண்ணவில்லை. மனிதர் எழுதுவது ஒரு கோப்பு. அதை இயந்திரத்துக்குப் புரிகிற நிரலாகக் கட்டித் தருவதுதான் பில்டு. ஓடுவது கட்டியது, எழுதியது அல்ல. தையற்காரர் சட்டையைத் தைத்துக் கொடுத்த பிறகு, அளவுச் சீட்டில் "ஒரு பை" என்று எழுதிச் சேர்த்துவிட்டு, போட்டிருக்கிற சட்டையில் பையைத் தேடித் தடவினால் எப்படி? சீட்டில் பை இருக்கிறது. சட்டையில் இல்லை. டீபக்கர் சட்டையைப் பார்த்துச் சொன்னது. அக்கா சீட்டைப் பார்த்துத் திட்டினார்.

"ஆனா நம்ம டீபக்கர்தான் முதல்லயே எச்சரிக்குமே?" என்றார் தாடி. "கோப்பு நிரலை விடப் புதுசுன்னு. நீங்க எழுதினதுதானே அதுவும்?"

எழுதியதுதான். டீபக்கரைத் திறந்ததும் வணக்கம், பதிப்புரிமை, தாடியின் நன்றியுரை என்று ஒரு பக்கம் கொட்டும். அந்த வெள்ளத்தின் நடுவே ஒரு வரியாக அது போய்க்கொண்டிருந்தது. எழுதிய அக்காவே படிக்கவில்லை என்றால் ஊரில் யார் படித்திருப்பார்கள்?

"குழியில விழுந்தப்புறம் சொல்லணும் தாடி. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சொன்னா யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"அக்கா, டீபக்கர் வேலை ஓடுற ப்ரோகிராமைப் பாக்கறது. கோப்பை மோந்து பாக்கறதில்ல."

"இனிமே மோந்து பாக்கட்டும். பேர் கிடைக்கலைன்னா, கோப்புல இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்லட்டும். கால் தேஞ்சிடுமா?"

தாடி முனகிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அக்கா செய்தியைத் தீட்டினார்: "நீங்கள் கோப்பைத் திருத்திய பின் பில்டு பண்ண மறந்துவிட்டீர்கள். பில்டு பண்ணவும்." காரணமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. தானே மாட்டிய குழி என்பதால் மனப்பூர்வமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து, பெருமையோடு கணவருக்குப் படித்துக் காட்டினார். கணவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். கூடத்தில் உட்கார்ந்து கையில் இருந்த கிரீஸைப் பழைய பனியனில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"'மறந்துட்டீங்க'ன்னா எப்படித் தெரியும்?" என்றார்.

"என்னது?"

"அந்தாளு மறந்தாரா இல்லையான்னு உன் மெஷினுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறேன். லிஃப்ட்ல அதிகமா ஆள் ஏறினா 'எடை அதிகம், ஒருத்தர் இறங்கினா கிளம்பும்'னு சொல்லும். யாராவது இறங்குவாங்க. 'கடைசியா ஏறின நீ குண்டு'ன்னு சொன்னா? ஒருத்தன் இறங்க மாட்டான். லிஃப்டைத்தான் உடைப்பான். குண்டா இருந்தது முதல்ல ஏறினவனாக்கூட இருக்கலாம்."

"ஏங்க, நான் யாரையும் குண்டுன்னு சொல்லலியே."

"மறதிக்காரன்னு சொல்லிட்டியே."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "அவளுக்கு யாரையாவது ஏதாவது சொல்லணும்டா. அடுப்புல ஒட்டுவா."

அக்காவுக்குக் கணவர் சொன்னதுதான் தைத்துவிட்டது. டீபக்கருக்கு உண்மையில் என்ன தெரியும்? பெயர் கோப்பில் இருப்பது தெரியும். ஓடுகிற நிரலில் இல்லாதது தெரியும். நிரல் எப்போது கட்டப்பட்டது, எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, கோப்பு எப்போது மாறியது, இவ்வளவும் தெரியும். மறதி தெரியாது. தெரியாததைச் சொன்னால் அது செய்தி அல்ல, புறம்பேசுவது. 'மறந்துவிட்டீர்கள்' அன்றே அடித்து நீக்கப்பட்டது.

வியாழக்கிழமை பெட்டிக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். கையில் பெட்டியின் மூளையான சின்ன மின்சுற்றுப் பலகையைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்தார். "எங்க வைக்கறது?" என்றார். வணக்கம் என்று சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

"ஆபீஸ்ல பண்ற மாதிரியே பண்ணுங்க சார். நாங்க ஒண்ணும் பேச மாட்டோம்," என்றார் அக்கா.

தலைவர் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா அந்த வாயில் ஒரு பெப்பர்மிண்டை வைத்தார். தாடிக்கு ஒன்று கொடுத்தார். தமக்கு ஒன்று. கன்னம் உப்பிய மூன்று பெரியவர்கள் வரிசையாக நாற்காலி போட்டு ஒரு மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேர்வறையில்கூட அப்படி ஒரு அமைதி இருந்திருக்காது.

பெட்டிக்காரர் கூடவே கொண்டுவந்திருந்த தன் மடிக்கணினியில் பலகையை இணைத்தார். தாடி அதில் ஏற்றித் தந்த புதிய டீபக்கரைத் திறந்தார். வணக்கமும் பதிப்புரிமையும் கொட்டின, அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நிரலை நிறுத்தி, 'வெப்பவரம்பு' என்று தட்டினார்.

"'வெப்பவரம்பு' உங்கள் கோப்பில் 214ஆம் வரியில் இருக்கிறது. இப்போது ஓடும் நிரலில் இல்லை. ஓடும் நிரல் சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை கட்டப்பட்டது, கோப்பு நேற்று மாறியிருக்கிறது. நிரல் எடுக்கப்பட்ட இடம்: 'இறுதி' என்ற அடைவு (ஃபோல்டர்). புதிதாகக் கட்டிய நிரலை ஏற்றிப் பார்க்கவும்."

"அதான் பில்டு பண்ணினேனே!" என்று பெட்டிக்காரர் திரையைப் பார்த்துக் கத்தினார். "நேத்து ராத்திரிகூடப் பண்ணினேன்!"

'மறந்துவிட்டீர்கள்' என்று மட்டும் விட்டிருந்தால் பலகையைச் சுருட்டிக்கொண்டு அப்போதே எழுந்து போயிருப்பார். தலைவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையில் நாலாயிரத்துப் பன்னிரண்டு தெரிந்தது. அக்காவின் நாக்கில் 'அடைவைப் பாருங்க' என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது. பெப்பர்மிண்டை மேலண்ணத்தில் வைத்து அழுத்தினார். ஓரங்கள் கரைந்து மெல்லிசாகிவிட்டது.

பெட்டிக்காரர் மறுபடி படித்தார். இம்முறை உதடு அசைந்தது. "செவ்வாய்க்கிழமை…" என்றார். "செவ்வாய்க்கிழமையா?" திரைக்குக் கிட்டே போனார். "'இறுதி'ல இருந்தா எடுக்குது?"

பின்னால் மூன்று தலைகள் ஒன்றாக முன்னே நீண்டன.

"நான் பில்டு பண்றது 'இறுதி_புதிது'ல!"

நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய காரியம் அது. ஒன்றுக்கு இறுதி என்று பெயர் வைப்பார்கள், இறுதிக்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது என்று தெரிந்ததும் பக்கத்தில் இன்னொரு இறுதி போடுவார்கள். அவர் நாள்தோறும் புதிய இறுதியில் கட்டிக்கொண்டிருந்தார், பலகை நாள்தோறும் பழைய இறுதியை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்காரர் சத்தமில்லாமல் ஒரு வரியை மாற்றினார். புதிய நிரலை ஏற்றினார். 'வெப்பவரம்பு' என்று கேட்டார்.

"36.5" என்றது டீபக்கர்.

அக்காவின் வாயில் பெப்பர்மிண்ட் இன்னும் ஒரு துணுக்கு மிச்சம் இருந்தது. அதைக் கடித்து நொறுக்கினார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் கடித்த முதல் பெப்பர்மிண்ட் அதுதான்.

பெட்டிக்காரர் ஃபோனை எடுத்துத் தன் ஆபீசுக்குப் பேசினார். "மச்சி, கண்டுபிடிச்சிட்டேன்டா. பேர் கோப்புல இருக்கு, ஓடற ப்ரோகிராம்ல இல்ல. செவ்வாய்க்கிழமை கட்டினது ஓடிட்டிருக்கு. எப்படித் தெரியும்னா? எடுத்த இடத்தைப் பாக்கணும்டா. அடிப்படை அது. இல்ல இல்ல, இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. சும்மா உக்காந்து மிட்டாய் சாப்பிட்டுட்டிருந்தாங்க. நானேதான்."

அக்கா எழுதியதை அவர் வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார், தன் மூளையில் உதித்ததாக. அக்காவுக்குப் பெருமையில் உடம்பு சிலிர்த்தது.

ஆனால் தலைவர் பிடித்துக்கொண்டார். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, "பாத்தீங்களா மேடம், அவரேதான் கண்டுபிடிச்சாராம்," என்று காதைக் கடித்தார். பிறகு சத்தமாக, "சார், ஒரு யோசனை. அடுத்த பதிப்புல இந்த மாதிரி நீட்டி முழக்காம, ஒரு நம்பர் மட்டும் காட்டலாம்னு இருக்கோம். தேவைன்னா நீங்க வெப்சைட்ல தேடிப் படிச்சுக்கலாம். எப்படி?"

பெட்டிக்காரர் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நம்பரா? எதுக்கு? நான் வேலையைப் பாக்கறதா, நம்பருக்கு அர்த்தம் தேடிட்டு அலையறதா?" திரையை ஒரு பார்வை பார்த்தார். "இது இப்படியே இருக்கட்டும் சார். இது ஒண்ணும் தொந்தரவு பண்ணல. கான்ட்ராக்டை அனுப்பி வைங்க, கையெழுத்துப் போட்டுடறோம்."

தலைவர் அவரைப் படிவரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு வந்தார். பிறகு, "அக்கா," என்றார், "அந்த நம்பர் விஷயம் யார் கிளப்பினதுன்னே தெரியல. விட்டுடுவோம்."

"சரிங்க தம்பி," என்றார் அக்கா. அவர் தலைவரைத் தம்பி என்று கூப்பிட்டது அன்று ஒருநாள்தான். தலைவரும் அதைத் திருத்தவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழைந்த நடையே வேறாக இருந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, கேட்டீங்களா? என்னோட மெசேஜைப் படிச்சிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'தொந்தரவு பண்ணல'ன்னுட்டாரு!"

லிஃப்ட் ரிப்பேர்க்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாம் பார்த்த லிஃப்டில் ஒருவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஏறி, ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனால் அதுதான் தமக்கும் பட்டம் என்று தெரிந்தவர். எழுந்து நின்று மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு உள்பக்கம் திரும்பி, வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

"அம்மா! உங்க மருமக தொந்தரவே பண்ணலன்னு பெரிய கம்பெனிக்காரர் நேர்ல வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு!"

மாமியார் உள்ளேயிருந்து கூடத்துக்குத் தலையை நீட்டினார்.

"எங்க, ஆபீஸ்லயா?" என்றார்.

"ஆமா அத்தை, ஆபீஸ்லதான்," என்றார் அக்கா, தலையைக் கொஞ்சமும் தாழ்த்தாமல்.